தஞ்சை அரண்மனை ஊர்ச் சொத்தான கதை

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலும் மரைன் டாக்யார்டிலும் வேலை பார்க்கும் தமிழர்களில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கப்பல் ஏறி ஊருக்குப் போகிறார்கள். குலதெய்வத்துக்குப் படையல் வைக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பெரிய கோவில் நந்தியைக் காட்டுகிறார்கள். அத்தோடு திரும்பி விடுகிறார்கள். கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அரண்மனை வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "ராஜா வீட்டில் நமக்கு என்ன வேலை?" என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம்.

ஆனால், அது இன்று ராஜா வீடு மட்டும் அல்ல. அதன் ஒரு பகுதி 1918-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் நூலகம். இன்னொரு பகுதி 1951 முதல் சிற்பக் கலைக்கூடம். டாக்யார்டில் ரிவெட் அடிப்பவருக்கும் ஆபீசில் பைல் எழுதுபவருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எப்படி வந்தது என்ற கதை பலருக்குத் தெரியாது. அரசாங்கம் ஒரு நாள் உத்தரவு போட்டு வாங்கிக்கொண்டது என்றுதான் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமாக நடந்து விடவில்லை.

தஞ்சைக்கும் இந்தத் தீவுகளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பெரிய கோவிலில் உள்ள ராஜேந்திர சோழனின் கல்வெட்டு, அவன் கடல் கடந்து வென்ற இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் 'மாநக்கவாரம்' என்று வருவது நமது நிக்கோபார்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைக் கல்லில் இந்தத் தீவுகளின் பெயர் ஏறி விட்டது. 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டபோது பேசப்பட்ட ஸ்ரீவிஜயமும், அதே கல்வெட்டில் வரும் அரசுதான். ஆகவே தஞ்சாவூர் ஏதோ தொலைதூர ஊர் என்று இங்குள்ளவர்கள் எண்ண வேண்டியதில்லை.

நாடு இல்லாத ராஜா

அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர்கள் நாயக்க மன்னர்கள். அவர்கள் காலத்திலேயே அங்கே 'சரஸ்வதி பண்டாரம்' என்ற பெயரில் ஏட்டுச் சுவடிகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. 1676 வாக்கில் தஞ்சை மராட்டியர் கைக்கு வந்தது. வந்தவர் சத்ரபதி சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி. அந்த வம்சத்தில் வந்தவர்தான் இரண்டாம் சரபோஜி. இன்றைய சரஸ்வதி மகாலுக்கு உருக் கொடுத்தவர் அவரே.

சரபோஜி 1777-இல் பிறந்தவர். துளஜாஜி மன்னர் 1787-இல் அவரைச் சுவீகாரம் எடுத்தார். எடுத்த வருஷமே துளஜாஜி இறந்து போனார். சிற்றப்பா அமர்சிங் அரியணையில் உட்கார்ந்தார். பையனுக்குப் படிப்பு கிடைக்காதபடி முடங்கிக் கிடக்கும் நிலை. அப்போது கைகொடுத்தவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். துளஜாஜி தம் மகனை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். சென்னைக்கு அனுப்பப்பட்டுப் படித்த சரபோஜி 1798-இல் ராஜாவானார். அதே ஆண்டு ஷ்வார்ட்ஸ் காலமானார். ஆசானின் மரணப் படுக்கை அருகே தாம் நிற்பது போன்ற பளிங்குச் சிற்பம் ஒன்றை இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் செய்வித்துத் தஞ்சைக்கு வரவழைத்தார். தஞ்சை ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். இந்து ராஜா ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியாருக்குச் செய்த குரு தட்சிணை அது.

ராஜாவாகி ஓர் ஆண்டு முடிந்ததோ இல்லையோ, 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உடன்படிக்கையை நீட்டியது. நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. ராஜாவுக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நில வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். இன்றைய பாஷையில் சொன்னால், இருபத்திரண்டு வயதிலேயே பென்ஷன் கொடுத்து உட்கார வைத்து விட்டார்கள்!

இப்படி உட்கார வைக்கப்பட்ட ராஜாக்கள் அந்தக் காலத்தில் பலர். பலர் குதிரையிலும் கூத்திலும் காலத்தைக் கழித்தார்கள். சரபோஜி புத்தகம் வாங்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலான மொழிகளில் ஆயிரக்கணக்கான நூல்களைச் சீமையிலிருந்து வரவழைத்தார். பல நூல்களில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. மருத்துவம், கப்பல் கட்டுதல், தாவரம், சித்திரம் என்று அவர் தொடாத துறை குறைவு. அரண்மனைக்குள்ளேயே தேவநாகரி எழுத்துகளோடு அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் வைத்தியசாலையும் மருந்து ஆராய்ச்சியும் நடத்தினார்.

1820-இல் காசி யாத்திரை புறப்பட்டார். பெரும் பரிவாரம். திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. காசிக்குப் போகிறவர்கள் கங்கை ஜலம் கொண்டு வருவார்கள். இவர் அத்தோடு சம்ஸ்கிருத ஏடுகளையும் விலைக்கு வாங்கியும் பிரதி எடுத்தும் கொண்டு வந்தார். விலைக்குக் கிடைக்காத ஏட்டை உட்கார்ந்து எழுதச் செய்து வாங்குவது அவர் வழக்கம். அந்தச் சம்பளம் வாங்கிய எழுத்தர்களின் பெயர்களை யார் நினைக்கிறார்கள்? ஏடு நிற்கிறது.

குமாஸ்தாக்கள் பார்க்க வேண்டியவை

சரஸ்வதி மகாலில் ஏடும் காகிதமுமாகச் சுமார் 49,000 சுவடிகள் உள்ளன. பெரும்பகுதி சம்ஸ்கிருதம். தமிழ்ச் சுவடிகள் மூவாயிரத்துக்கு மேல். மராத்தி, தெலுங்குச் சுவடிகளும் உண்டு. அச்சுப் புத்தகங்கள் தனி.

இவற்றை விட ஆபீஸ் வேலை பார்ப்பவர்களின் மனத்தைக் கவரக்கூடியவை மோடி ஆவணங்கள். மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதுவதற்கான எழுத்து. பேனாவை எடுக்காமல் கோத்துக்கொண்டே போகலாம். நமது சுருக்கெழுத்துக்கு முப்பாட்டன் மாதிரி. அரண்மனைக் குமாஸ்தாக்கள் தினசரி வரவு செலவு, கூலி, சாமான் விலை, மனுக்கள், உத்தரவுகள் எல்லாவற்றையும் இந்த எழுத்தில்தான் எழுதி மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான மூட்டைகள். ராஜாக்கள் என்ன பேசினார்கள் என்பதைப் புலவர்கள் பாடி வைத்தார்கள். நாட்டில் அரிசி என்ன விலை விற்றது, யாருக்கு என்ன சம்பளம் என்பதை எழுதி வைத்தவர்கள் குமாஸ்தாக்கள். இன்று சரித்திரம் எழுதுகிறவர்கள் தேடி வருவது இரண்டாவது வகைக் காகிதத்தைத்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழில் பெயர்த்திருக்கிறது. தாம் எழுதும் ரிஜிஸ்தரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கலாம்.

மருத்துவக் குறிப்புகளும் அப்படித்தான். அரண்மனையில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய தாள்கள் இருக்கின்றன. நோய் என்ன, என்ன சிகிச்சை, எத்தனை நாளில் குணம் என்ற விவரத்தோடு நோயுற்ற கண்ணின் வண்ணப் படமும் வரையப்பட்டுள்ளது. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒரு 'கேஸ் ஷீட்'! சென்னைக் கண் மருத்துவர்கள் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வைத்திய முறைகளைத் தொகுத்த 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசையையும், அரண்மனைச் சமையலைச் சொல்லும் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' நூலையும் நூலகமே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. சமையல் புத்தகம் வாங்கிப் போனால் வீட்டில் வரவேற்பு கிடைக்கும் என்பது உறுதி.

முத்திரை விழுந்த நாள்

சரபோஜி 1832-இல் மறைந்தார். மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லாத சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்கிக்கொண்டிருந்த டல்ஹவுசி காலம் அது. தஞ்சையையும் விட்டு வைக்கவில்லை. 1856 அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி பட்டாளத்தோடு அரண்மனைக்குள் நுழைந்தார். அறைக்கு அறை முத்திரை விழுந்தது. நாடு போனது மட்டும் அல்ல. பெட்டி, நகை, நிலம், புத்தகம் எல்லாம் கம்பெனியின் கணக்கில் சேர்ந்தன.

அரச பதவி போகலாம், சொந்தச் சொத்து எப்படிப் போகும்? மூத்த ராணி காமாட்சி பாய் கேட்ட கேள்வி இதுதான். அந்தக் காலத்தில் அரண்மனைப் பெண்கள் திரை மறைவை விட்டு வெளியே வருவதில்லை. ஆனால், ராணி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. கம்பெனி விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனது. 1859-இல் அங்கே ராணி தோற்றார். அரண்மனையை எடுத்துக்கொண்டது ஓர் அரசு செய்த ராஜ்ய காரியம், அது நியாயமா அநியாயமா என்று விசாரிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

கோர்ட்டில் தோற்ற வழக்கு வெளியே ஜெயித்தது. சென்னை வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன் ராணிகளுக்காக வாதாடினார். 1857 கலகத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்சியே போய் விட்டது. 1862-இல் அரசாங்கம் மனம் மாறிச் சொந்தச் சொத்துகளை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. அப்படித் திரும்பி வந்த சொத்துகளில் ஒன்றுதான் நூலகம். ராணி அன்று பேசாமல் இருந்திருந்தால், இந்தச் சுவடிகள் தஞ்சையில் தங்கியிருக்குமா என்பது சந்தேகம். கோட்டை பிடித்த இடங்களிலிருந்து கப்பல் ஏறிப் போன நூல்களை லண்டன் நூலகங்களில் இன்றும் பார்க்கலாமே!

சொத்து வந்ததும் சண்டையும் வந்தது. பங்காளிகளுக்குள் வழக்கு. ராணிகளுக்குள் வழக்கு. மகன்கள், பேரன்கள் காலம் வரை அது நீண்டது. நமது ஊர்களில் ஒரு வேலிப் பிரச்சினையே இரண்டு தலைமுறை ஓடும்போது அரண்மனை வழக்கு ஓடாதா?

இந்தக் காலத்தில் ஏடுகளைப் பற்றி உண்மையில் கவலைப்பட்டவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. பெயர் பர்னல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். கோர்ட் வேலை முடிந்ததும் ஏட்டுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து விடுவார். ஆண்டுக்கணக்காக உழைத்துச் சம்ஸ்கிருத ஏடுகளுக்கு விளக்க அட்டவணை தயாரித்தார். அது 1880-இல் லண்டனில் வெளியானது. அடுத்த இரண்டே ஆண்டில் அவர் இறந்து போனார். இருந்த உடல்நலத்தையும் இந்த வேலைக்கே செலவழித்து விட்டார் என்று சொல்ல வேண்டும். என்ன இருக்கிறது என்ற பட்டியலே இல்லாத இடத்தில் எதையும் காப்பாற்ற முடியாது. காணாமல் போனாலும் தெரியாது.

1918 அக்டோபர் 5

கடைசியில் அரச குடும்பத்தார் தங்களுக்குள் வழக்கை முடித்துக்கொண்டனர். முடிக்கும்போது ஒரு காரியம் செய்தனர். நிலத்தையும் நகையையும் பங்கு போட்டவர்கள், நூலகத்தைப் பங்கு போடவில்லை. அதை அப்படியே பொதுமக்களுக்கு என்று விட்டு விட்டனர். பராமரிப்புக்கு ஒரு லட்சம் ரூபாயும் ஒதுக்கினர். அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1918 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட சென்னை அரசாங்க ஆணைப்படி சரஸ்வதி மகால் பொது நூலகமாயிற்று. தஞ்சையிலிருந்த சில பண்டிதர் குடும்பங்களும் தங்கள் வீட்டு ஏடுகளைக் கொண்டு வந்து சேர்த்தன. லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் குடும்பங்கள் அவற்றில் முக்கியமானவை.

வெளிநாட்டில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. இத்தாலியில் வெனிஸ் நகரம். தெருவுக்குப் பதில் கால்வாய். பஸ்ஸுக்குப் பதில் படகு. அங்கே கால்வாய்க் கரையில் குவெரினி ஸ்டாம்பாலியா என்ற பிரபு குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. வம்சத்தின் கடைசி வாரிசு ஜோவன்னி என்பவர். 1869-இல் இறக்கும்போது மாளிகை, ஓவியங்கள், புத்தகங்கள் எல்லாவற்றையும் ஊருக்கு என்று உயில் எழுதி வைத்தார். உயிலில் ஒரு விசேஷம். மற்ற நூலகங்கள் மூடியிருக்கும் நாட்களிலும் நேரங்களிலும், முக்கியமாக மாலை வேளைகளில், இந்த நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லி விட்டார். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவன் எப்போது படிப்பான் என்று ஒரு பிரபு யோசித்திருக்கிறார். அது இன்றும் நூலகமாகவும் மியூசியமாகவும் நடக்கிறது.

வெனிஸில் ஒரு மனிதர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்த தானம். தஞ்சையிலோ ஒரு ராணி கோர்ட் ஏறி, தோற்று, மீட்டு, பேரப்பிள்ளைகள் சண்டை போட்டு ஓய்ந்து, அறுபது ஆண்டுக்குப் பிறகு வந்த தானம். எது பெரிது என்று பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் மாலை நேர நூலகம் என்ற விஷயத்தில் வெனிஸ் பிரபுவுக்குத்தான் ஓட்டு.

நமது பக்கத்திலும் அப்படி யோசித்தவர் இருந்தார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூல்கள் பயன்படுவதற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. 1931-இல் மன்னார்குடி அருகே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் திட்டம் தொடங்கியது. அதை நடத்தியவர் எஸ். வி. கனகசபை பிள்ளை. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் ரங்கநாதனின் முயற்சிக்குக் கிடைத்த பலன். இந்தியாவிலேயே மாகாணச் சட்டசபை இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. ஒரே தஞ்சை ஜில்லாவில் அரண்மனைக் கதவும் திறந்தது. வண்டியும் கிராமத்துக்குப் போனது.

லண்டனில் ஒரு வேதாகமம்

கொடுத்தவர்கள் கொடுத்து விட்டார்கள். காப்பது யார்? இதுதான் இன்றைய கேள்வி. தரங்கம்பாடியில் சீகன்பால்க் பாதிரியார் தமிழில் மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று சரஸ்வதி மகாலில் இருந்தது. ஷ்வார்ட்ஸ் வழியாக சரபோஜிக்கு வந்தது என்பார்கள். 2005 அக்டோபரில் அது காணாமல் போனது. போலீசில் புகார் ஆயிற்று. ஆண்டுகள் ஓடின. 2022-இல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அந்தப் பிரதி லண்டனில் ஒரு நூல் தொகுப்பில் இருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தது.

சரபோஜியும் சிறுவன் சிவாஜியும் இருக்கும் ஓவியமும் இப்படித்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் உள்ள ஒரு மியூசியம் 2006-இல் அதை விலைக்கு வாங்கியிருந்தது. விற்றவர் சிலைக் கடத்தலில் சிக்கிய சுபாஷ் கபூர். விவரம் தெரிந்ததும் 2015-இல் மியூசியம் ஓவியத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அதுவும் சரஸ்வதி மகாலிலிருந்து களவு போனதுதான் என்று 2022-இல் போலீசார் கூறினர். பட்டாளம் வந்து முத்திரை வைத்த காலத்தில் கூடத் தப்பிப் பிழைத்த பொருள்கள், ஊர்ச் சொத்தான பிறகு காணாமல் போயிருக்கின்றன. வருத்தமான செய்தி. 1983-இல் மத்திய அரசு இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தும் இது நடந்தது. சுவடிகளை நுண்படமாகவும் பின்னர் கம்ப்யூட்டரிலும் பதிவு செய்யும் பணி நடந்து வருகிறது. பதிவு இருந்தால் எழுத்து பிழைக்கும். சரபோஜி கை பட்ட தாள் திரும்புமா?

ஊருக்குப் போகிறவர்களுக்கு

சென்னைத் துறைமுகத்தில் இறங்கித் தஞ்சைக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழும்பூரிலிருந்து திருச்சி போகும் வண்டிகளில் பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லயனில் போகும். அவை தஞ்சாவூரைத் தொடுவதில்லை. மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக மெயின் லயனில் போகும் வண்டியில்தான் ரிசர்வ் செய்ய வேண்டும். லீவு தேதி தெரிந்தவுடனே செய்வது நல்லது.

ஸ்டேஷனிலிருந்து பழைய பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் கல்லணைக் கால்வாய் குறுக்கிடும். 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்ததால் ஊரார் அதைப் புது ஆறு என்பார்கள். பாலம் தாண்டினால் பழைய கோட்டைப் பகுதி. யாரைக் கேட்டாலும் அரண்மனைக்கு வழி சொல்வார்கள்.

உள்ளே ஒரே நிர்வாகம் அல்ல. கலைக்கூடம் தனி, நூலகம் தனி, அரச குடும்பத்தார் பகுதி தனி. எந்தச் சீட்டு எதற்கு என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளவும். கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவரைப் பார்க்காமல் வரக் கூடாது. 1011-ஆம் ஆண்டில் வார்த்த வெண்கலம். காளையின் மேல் கை சாய்த்து நிற்கும் பாவனை. காளை மட்டும் இல்லை. ஆனாலும் கை ஏதோ ஒன்றின் மேல் இருப்பது போலவே தோன்றும். பிள்ளைகளுக்கு மேல் மாடியில் உள்ள திமிங்கல எலும்புக்கூடு பிடிக்கும். தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கியது. ஃபீனிக்ஸ் பேயில் மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இன்னும் அதைப் பார்க்காதவர்கள், தஞ்சைக்குப் போய் வந்த சூட்டோடு அதையும் பார்த்து விடலாம்.

நூலகத்தில் பார்வையாளர்களுக்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. சுவடிகளைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டுமானால் ஆராய்ச்சிக் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டும். அச்சிட்ட வெளியீடுகள் விற்பனைக்கு உண்டு.

இன்னொரு விஷயம். தஞ்சை, குடந்தை, மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் ஏட்டுக் கட்டு கிடப்பது இன்றும் உண்டு. பாட்டன் வைத்தியம் பார்த்தவராகவோ, கணக்கு எழுதியவராகவோ இருந்திருப்பார். வீட்டை இடித்துக் கட்டும்போது அதைக் குப்பையோடு தள்ளி விடுகிறார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் உண்டு. பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுத்து விட்டுப் பிறகு பத்திரிகையில் படித்து வருந்துவதை விட, சரஸ்வதி மகாலிலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ கொண்டு போய்க் காட்டலாம். கட்டுகளை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் பூசாமல், ஈரம் படாமல் ஒரு துணியில் சுற்றிக் கொண்டு போனால் போதும்.